முதிரைக் கதவு களவுபோன வழக்கு

என் மாப்பிள்ளையைப் பொலிசில் பிடித்துக் கொடுத்தது வேறு யாருமில்லை, என்னைப் பெற்ற உம்மாதான். களவுபோன பொருள் எங்கள் வாசற்கதவு. களவெடுத்தவர் என்று சொல்லப்பட்டவர் அதே வாசலால் மூன்று வருசமாகப் போய்வந்துகொண்டிருந்த அச்சிமுகம்மது, அதாவது எங்கட இவர், என் புருசன். கேட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு வழக்குக்காகக் கல்முனைக் கோட்டு வாசலில் நின்ற எனக்கு மட்டும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை பிடிபடாது. எங்கள் ஊர்களில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வாழப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடு கொடுத்தாக வேண்டும். நகை குறைந்தால் சமாளிக்கலாம், வீடு இல்லாவிட்டால் பேச்சே இல்லை.

வாப்பா மவுத்தாகி, அவரை அடக்கி இரண்டாம் வருசம் என் நிக்காஹ் நடந்தது. ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால், திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, உம்மா நல்ல சத்தமாகச் சொன்னா:

"மகளுக்கு ஊடு குடுத்திட்டன்."

சொன்னதோடு சரி. வீட்டை என் பேருக்கு மாற்றி உறுதிப் பத்திரம் எழுதித் தரவில்லை. கேட்டால் நோன்பு போகட்டும் என்பா. நோன்பு போனால் பெருநாள், பெருநாள் போனால் வெள்ளம் வடியட்டும். உம்மாவின் சாட்டுகளுக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. எனக்குப் பிறகு தங்கச்சி றாஹிலாவும் இருந்தாள். அவளுக்கென்று அதே வளவில் போட்ட அத்திவாரத்தில் புல் முளைத்து, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

எழுபத்தெட்டாம் ஆண்டு சூறாவளி எங்கள் பழைய பலாக் கதவைத் தூக்கிக்கொண்டு போனது. எங்கே போட்டதென்று இன்றுவரை தெரியாது. இவர் பாண்டிருப்பில் ஒரு ஆசாரியைப் பிடித்து, முதிரைப் பலகையில் புதுக்கதவு செய்வித்துக் கொண்டுவந்தார். பூ வேலையோடு சேர்ந்த கதவு. வீட்டைவிடக் கதவு வடிவு என்று தெருவில் பேச்சு. உம்மாவும் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் "மருமகன் போட்ட கதவு" என்று தடவித் தடவிக் காட்டுவா.

அப்படி இருந்த இரண்டு பேருக்கும் எண்பதாம் ஆண்டு ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் சண்டை வந்தது. இவர் பாவம், நல்ல மாதிரித்தான் தொடங்கினார்.

"மாமி, அந்த உறுதிய எழுதித் தாங்களன். நாளைக்கு ஒங்களுக்கு ஒண்டு நடந்தா, றாஹிலாக்கு வாற மாப்பிள்ளை பங்கு கேப்பான்."

"ஒண்டு நடந்தா" என்பதுதான் பிழைத்துப்போனது. உம்மா கறிச்சட்டியை டக்கென்று வைத்தா.

"யா அல்லாஹ்! என்ன மவுத்தாக்கப் பாக்கியா நீ? இது என்ட ஊடு, கேட்டியா? என்ட ஊட்டுக் கதவ இனி நீ தட்டப்படா!"

இவர் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். வேலிப் படலையடியில் நின்று திரும்பிப் பார்த்து, தன்னைப்போல் பஸ் ஓட்டுகிறவர்களுக்கே உரிய பொறுமையோடு சொன்னார்:

"தட்டுறத்துக்குக் கதவு இரிந்தாத்தானே மாமி."

மறுநாள் உம்மா மருதமுனையில் ஒரு சுன்னத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம், இவர் ஒரு கைவண்டியும் திருப்புளியுமாக வந்து இறங்கினார். பிணைச்சல் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கதவு சரிந்து விழாமல் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். எனக்கு அவரோடு கோபமில்லை, உம்மாவோடுதான் கோபம். "மெல்ல மச்சான், மூலை அடிபடப் போகுது" என்றுகூடச் சொன்னேன்.

அவர் கதவைக் கைவண்டியில் ஏற்றி, பட்டப்பகலில், கடைத்தெருவால், பொலிஸ் ஸ்டேசனுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனார். மதகடியில் வண்டிச் சில்லு இறுகிவிட்டது. வாசலில் நின்ற சிங்களக் கொன்ஸ்தாப்பல் ஓடிவந்து பின்னால் கைகொடுத்துத் தள்ளிவிட்டார்.

"புது ஊடு கட்டுறியா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டிருக்கிறார்.

"இல்ல சேர், பழைய ஊடுதான்" என்றிருக்கிறார் இவர்.

வெயில் சாய, அஸருக்கு உம்மா முறைப்பாடு கொடுத்தா. பொழுதுபட, மஃரிபுக்கு அதே கொன்ஸ்தாப்பல் பஸ் டிப்போவுக்குப் போய், அங்கே சாத்தி வைத்திருந்த அதே கதவையும் இவரையும் ஸ்டேசனுக்குக் கொண்டுவந்தார். இந்த முறை கைவண்டியை இவர் தனியாகத்தான் தள்ள வேண்டியிருந்தது.

வீடுடைத்துக் களவெடுத்த வழக்கு என்றார்கள். டிப்போவில் கூட வேலை செய்யும் மீராமுகைதீன் பிணை நின்று இவரை வெளியே எடுத்தார். ஆனால் டிப்போவிலிருந்து கதையும் கூடவே வந்தது: களவுக் குற்றத்தில் தண்டனை விழுந்தால் பஸ் ஓட்டுகிற வேலை போய்விடும். வேலை போனாலும் வேறொன்றைப் பார்க்கலாம். பிறக்கப்போகும் பிள்ளையைக் "கள்ளன்ட புள்ள" என்று தெருவில் கூப்பிடுவார்களே, அதை எதைப் போட்டு அழிப்பது? 

இவர் ஒலுவிலில் தன் உம்மா வீட்டில் போய் இருந்தார். கலியாணம் முடித்த ஆம்பிளை தாய் வீட்டில் படுப்பது எங்கள் பக்கத்தில் என்ன மானக்கேடு என்று சொல்லி முடியாது. இங்கே எங்கள் வாசலில் ஒரு பழைய படுக்கைவிரிப்புத் தொங்கியது. காற்றடித்தால் தெருவே வீட்டுக்குள் தெரியும். ஆடுகள் விசாரித்துவிட்டுப் போவதுபோல் உள்ளே வந்து போயின. உம்மா உலக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்குக் குறுக்கே படுத்தா. என்னை ஏசிக்கொண்டே சுறா வறுத்துத் தந்தா.

"என்ட மாப்பிள்ளையக் கள்ளனாக்கிப்போட்டு எனக்குச் சுறா வறையா?" என்று கத்தினேன். கத்திவிட்டு முழுவதையும் தின்றேன். பிள்ளைக்குப் பசிக்குமே.

முன்பென்றால் இப்படியான குடும்பச் சண்டைகளை இணக்கசபை தீர்த்துவைக்கும். அதையும் அந்த நாட்களில் இல்லாமல் செய்துவிட்டார்கள். ஆகவே நான் வழக்குப் பேசுகிற கனகசபாபதி பெரக்கிறாசியாரைத் தேடிப் போனேன். காரைதீவு மனிதர், கல்முனையில் கந்தோர் வைத்திருந்தார். அப்போது சட்டத்தரணி என்று பலகை மாட்டியிருந்தாலும் சனத்தின் வாயில் பெரக்கிறாசியார்தான். இவரும் ஒலுவிலிலிருந்து வந்து வாசலில் எனக்காக நின்றார். நான்கு நாள் தாடியோடு பார்க்க எனக்கு அழுகை வந்தது.

பெரக்கிறாசியார் எல்லாவற்றையும் கேட்டார். கதவு வண்டியில் போன கட்டம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அழுதாரா சிரித்தாரா என்று நான் கேட்கவில்லை.

"தம்பி, பொலிசில என்ன சொன்ன நீ?"

"கேட்டாங்க, ஓம், நான்தான் கழட்டின எண்டு சொன்ன. நான்தான் போட்ட, நான்தான் கழட்டின."

"ரெண்டாவது பாதிய எழுதியிருக்க மாட்டாங்க" என்றார் அவர். "பறவாயில்ல. பொலிசிட்டச் சொன்ன குற்ற ஒப்புதல வழக்கில உனக்கு எதிராப் பாவிக்க ஏலா. ஆனா இனிமேல் ஆர் கேட்டாலும் என்ட பெரக்கிறாசியக் கேளுங்க எண்டு மட்டும் சொல்லு. வாய் நல்ல சாமான்தான். ஸ்டேசனுக்குள்ள கொண்டுபோகக் கூடாது."

பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஆராவது எடுத்த உடன அது களவாகாது. அசையிற சொத்தா இரிக்கணும். கதவு அசையிற சொத்தோ?"

"காத்தடிச்சா அசையும் ஐயா" என்றேன்.

அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுவரோட பூட்டியிருக்கும்வரைக்கும் அது வீடு. கழட்டின உடன அசையிற சொத்து. அதில நமக்குத் தப்ப வழியில்ல. அடுத்தது, நேர்மையில்லாத எண்ணம். கள்ளன் கதவ எடுத்துக்கொண்டு பொலிஸ் ஸ்டேசனுக்கு முன்னால போவானோ? போனாலும் கொன்ஸ்தாப்பலத் தள்ளச் சொல்லுவானோ? இது நல்லா நிக்கும். வீடுடைப்பும் நிக்காது, தான் குடியிருக்கிற வீட்ட ஆர் உடைக்கிற? ஆனாலும் நீதவான் தம்பியக் கேப்பார், நீயே குடுத்த கதவு, குடுத்தாப் பிறகு அது வீட்டோட சேந்ததுதானே எண்டு. அதுக்குத்தான் கடைசி விசயம் வேணும்."

"என்ன ஐயா?"

"கைவசம் வச்சிருக்கிற ஆள்ர சம்மதமில்லாம எடுத்தாத்தான் களவு. சம்மதிச்சா களவில்ல. இப்ப சொல்லு, அந்த வீடு ஆர்ர கைவசம்? உன்டதா, உம்மாடதா?"

 கேட்க இலகுவான கேள்விதான். உறுதி உம்மாவின் பெயரில் இருந்தது, உம்மாவின் சொல் என்னிடம் இருந்தது. வீடு என்னுடையதென்றால் நான் சம்மதித்தேன், களவே இல்லை. உம்மாவுடையதென்றால் இவர் கள்ளன், பிடித்துக்கொண்டு நின்ற நான் கள்ளி.

"அத உம்மாட வாயாலதான் சொல்லப்பண்ணணும்" என்றார் பெரக்கிறாசியார். அவருடைய ஊரிலும் வீடு பெண்ணுக்குத்தான். அதனால் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உம்மா என்ன சொல்லுவா என்றுதான் எங்கள் மூவருக்கும் தெரியாது.

"உம்மாவ வழக்க வாபஸ் வாங்கச் சொல்ல ஏலாதா?" என்று இவர் கேட்டார்.

"களவு வழக்கு, நினைச்சபடி திருப்பி எடுக்கிறதுக்குக் கடையில வாங்கின சீலையோ? இனி அது பொலிசுட வழக்கு."

வழக்கு நாளன்று கோடு நிரம்பி வழிந்தது. வேளாண்மை வெட்டு முடிந்து சனத்துக்கு வேலையில்லாத நேரம். எங்கள் முதிரைக் கதவு வழக்குப் பொருளாகச் சுவரில் சாய்ந்து நின்றது. அதில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அந்த நிலையிலும் வடிவாகத்தான் இருந்தது. பின்வாங்கில் முக்காட்டை இழுத்துவிட்டபடி சபூறா உட்கார்ந்திருந்தா. றாஹிலாவைத் தன் மகனுக்குக் கேட்டுக்கொண்டிருந்த சபூறா. அவவை யாரும் அழைக்கவில்லை. வழக்குப் பார்க்கப் போவதற்கு எங்கள் ஊரில் யார் அழைப்பை எதிர்பார்த்தார்கள்?

நீதவான் யாழ்ப்பாணத்து மனிதர், வந்து அதிக நாளாகவில்லை. உம்மா சாட்சிக் கூட்டில் ஏறினா. வழக்கை நடத்திய பொலிஸ் சார்ஜன் கேட்கக் கேட்க மணியாகப் பதில் சொன்னா. சுன்னத்து வீட்டுக்குப் போனது, வந்து பார்க்கக் கதவு இல்லாதது, தான் தலையிலடித்துக்கொண்டது, எல்லாம்.  இவர் எதிரிக் கூட்டுக்குள் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரக்கிறாசியார் எழும்பினார். சத்தம் போடவில்லை, பக்கத்து வீட்டுக்கு உப்புக் கேட்டு வந்தவர்போல் கேட்டார்.

"ஹாஜறா உம்மா, முனவ்வறா உங்கட மூத்த மகளா?"

"ஓம்."

"அவக்குக் கலியாணத்தில வீடு குடுத்தீங்களா?"

உம்மா வாயைத் திறந்தா. அதற்குள் கண் பின்வாங்கிற்குப் போய்த் திரும்பியது. கொடுக்கவில்லை என்றால் சபூறா இப்போதே எழும்பிப் போய்விடுவா என்று உம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூத்தவளுக்கே கொடுக்காதவள் இளையவளுக்கு எதைக் கொடுக்கப்போகிறாள்? கோடு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்து நீதவானுக்கு உம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். உதவி செய்கிறேன் என்று நினைத்துக் குறுக்கிட்டார்.

"அம்மா, பயப்படாதீங்கோ. உறுதி உங்கட பேரிலதானே இருக்கு? அப்ப வீடு உங்கட வீடுதானே? ஓம் எண்டு சொல்லிப்போட்டு இறங்குங்கோ."

சார்ஜன் சந்தோசமாகத் தலையாட்டினார். ஆனால் உம்மாவுக்கு வந்தது பாருங்கள் கோபம்! இத்தனை நாள் இவரோடும் என்னோடும் சண்டை பிடித்ததெல்லாம் ஒரு சண்டையா?

"என்ன தொரை கதைக்கீங்க? உறுதி என்ட பேர்ல கெடந்தா? பெத்த குமருக்கு ஊடு குடுத்தன் எண்டு ஊருக்கு முன்னால சொன்னாப் பொறகும் அது உம்மாட ஊடெண்டு எந்த ஊர்ல சொல்லுற? எங்கள என்ன, புள்ளைக்கு ஊடில்லாமக் கலியாணம் முடிச்சுக் குடுக்கிற சனமெண்டு நெனச்சீங்களா?"

"அப்ப அது யாருடைய வீடு?" நீதவான் உண்மையாகவே குழம்பிப் போனார்.

"என்ட மகள்ர ஊடு! நிக்காஹண்டே குடுத்தாச்சி. வல்லாஹி!"

பெரக்கிறாசியார் அத்தோடு உட்கார்ந்துவிட்டார். சார்ஜன் மட்டும் உம்மாவைப் பார்த்த பார்வை, வெள்ளாமை வெட்டப் போன இடத்தில் வயலையே காணாதவன் பார்வை.

பிறகு என்னைக் கூட்டில் ஏற்றினார்கள்.

"இந்தக் கதவைக் கழட்ட நீங்க சம்மதிச்சீங்களா?"

"சம்மதிச்சது மட்டுமா? மறுபக்கத்தப் புடிச்சுக் குடுத்ததும் நான்தான்."

"அடி கள்ளி!" என்று உம்மா வாங்கிலிருந்து கத்தினா. கோடே சிரித்தது. கோட்டு முதலியார் அமைதி, அமைதி என்று மேசையில் தட்டினார். நீதவான் கைலேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு கனநேரம் இருமினார். இருமி முடித்துத் தீர்ப்புச் சொன்னார்: வீட்டை வைத்திருப்பவளின் சம்மதத்தோடு கழற்றிய கதவு களவுபோன கதவாகாது, எதிரி விடுதலை.

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்னது இவருக்குக் கேட்டிருக்கும். கூட்டிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். என் கையைப் பிடிக்கப் போய், சனத்தைப் பார்த்து வெட்கப்பட்டு, என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார். சபூறா எழும்பி வந்து உம்மாவின் தோளைத் தொட்டு, "கோட்டுல நிண்டும் மகளுக்கு ஊடு குடுத்த ஆள் நீங்க மச்சி" என்றா. சம்பந்தம் உறுதியாயிற்று. எல்லாருக்கும் வெற்றி. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கோட்டுக் கிளாக்கர் கதவுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டார்:

"வீட்டுக்காரி வந்து கையெழுத்துப் போட்டுக் கதவைப் பாரமெடுக்கவும்!"

உம்மா டக்கென்று எழும்பினா. சீலையைச் சரிசெய்துகொண்டு இரண்டடி வைத்தா. வைத்துவிட்டு நின்றா. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெல்ல ஒதுங்கி எனக்கு வழி விட்டா.

"நீ போ மகள். ஒன்னத்தான் கூப்பிடுறாங்க."

போனேன், கையெழுத்துப் போட்டேன்.  வாப்பா கல் சுமந்து, உம்மா நெல் குற்றி, இரண்டு பேருமாகக் கட்டிய வீடு அது. ஒரே ஒரு கோபத்தில் அதை உம்மா என் கையில் தந்துவிட்டா. நான் கேட்டதும் அதைத்தான். கிடைத்தபோது ஏன் சந்தோசம் வரவில்லை என்று அப்போது விளங்கவில்லை.

கதவைக் கைவண்டியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். இவர் முன்னால் இழுத்தார். ஒரு பக்கம் நானும் மறுபக்கம் உம்மாவும் பிடித்துக்கொண்டு போனோம். கதவு நடுவில் நின்றதால் உம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை, காலும் செருப்பும் மட்டும் தெரிந்தன. கடைத்தெருச் சனம் கைதட்டிச் சிரித்தது. உம்மாவிடமிருந்து ஒரு ஏச்சும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சந்தி தாண்டி ஆட்கள் குறைந்த பிறகு, கதவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. என்னைப் பார்த்தால் கேட்டிருக்க மாட்டா.

"முனவ்வறா."

"என்ன உம்மா?"

"ஒனக்கு இதக் குடுத்தாச்சி. அத்திவாரத்துல ஒண்டு கட்டினா அது றாஹிலாக்கு." கொஞ்சம் நடந்தா. "எல்லாக் குமருக்கும் குடுத்து முடிஞ்சாப் பொறகு உம்மாமார் எங்ககா போற?"

மூன்று வருசமாக நோன்பென்றும் பெருநாளென்றும் வெள்ளமென்றும் சொன்ன சாட்டுகளுக்குப் பின்னால் இந்த ஒரு பயம்தான் ஒளிந்திருந்ததா? நான் கேட்கவேயில்லையே. உறுதி எங்கே, உறுதி எங்கே என்றுதானே கேட்டேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. 

இவர் வண்டியை நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமல், முன்னாலேயே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க எங்கயும் போறல்ல மாமி. ஒங்கட அறை ஒங்களுக்குத்தான். முனவ்வறா ஊட்டுக்காரியெண்டா, நான் அவட ஊட்டுல குடியிருக்கிற ஆள். நீங்களும் அப்படித்தான். ரெண்டு பேரும் ஒரு பக்கம்."

 கதவுக்கு அப்பால் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"அப்ப என்ட அறைக்கும் ஒரு கதவு போட்டுத் தா மகன்" என்றா உம்மா. "முதிரையில. பூட்டுற கொளுத்து உள்பக்கம் இரிக்கணும்."